ஸபீனா ரீச்சர் வந்த பொங்கல்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பாடசாலையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஸபீனா ரீச்சர் வபாத்தாகிவிட்டார். நான் அமிர்தகழியிலிருந்து ஏறாவூருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். குழுவில் ஆளுக்கொரு கூப்பிய கை. அவரோடு ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கை கூப்பிவிட்டு நாம் போய்விட முடியாது.

பதினொரு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்து கணிதம் படிப்பித்தவர் அவர். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியபோது, அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் காலையும் மாலையும் குளிசை விழுங்கவேண்டும். அந்தக் குளிசை நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே குறைத்துவிடும்.

கொரோனா வந்த முதல் வருடம், நோன்புப் பெருநாளன்று ஊரடங்கு. தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இந்தமுறை எல்லாரும் என்னைப் போலத்தான் இரிக்காங்க ரீச்சர். ஏன் வரல்லண்டு ஒருத்தரும் கேக்கல்ல.” அவ்வளவு மகிழ்ச்சியாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஊரடங்கு போனதும் கேள்விகள் வந்தன. அடுத்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் காக்கா பிள்ளைகளோடு வட்டிலப்பம் கொண்டுவந்தார். ஸபீனா கேற்றைத் திறக்கவில்லை. ஜன்னலில் நின்று, “அதில வச்சிட்டுப் போங்க காக்கா” என்றார். காக்கா கேற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்: “என்ட கிட்னிய உள்ளுக்க வச்சிக்கிட்டு என்னை வெளிய நிப்பாட்டுறாய், என்ன?” வட்டிலப்பத்தையும் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். பல மாதங்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் நடந்ததும் வேறல்ல. அவர் வீட்டிலிருந்து இணையவழியில் படிப்பித்தபோது, “கிட்னியச் சாட்டி வீட்டில இருக்கிறா” என்று ஒருவர் சொன்னார். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்கடுத்த தைப்பொங்கலுக்குப் பாடசாலையில் பொங்கியபோது அவரை அழைத்தது நான்தான். “எல்லாரும் ஊசி போட்டாச்சு ரீச்சர். வெளியில, முற்றத்திலதான் பொங்கல். இன்னும் எத்தினை நாளைக்குப் பயந்து இருக்கப்போறீங்க?”

“உங்களுக்கு ஊசி வேலை செய்யிற மாதிரி எனக்குச் செய்யாது ரீச்சர்.”

“ஒரு அரை மணித்தியாலம் வந்திட்டுப் போங்க. சனம் கண்டபடி கதைக்குது.”

வந்தார். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, மாமரத்தடியில் தனியாகக் கதிரை போட்டு இருந்தார். பால் பொங்குவதற்கு முன்பே மழை கொட்டியது. பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆசிரியர் அறைக்குள் ஓடினோம். சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களையும் சாத்தினோம். யாரோ இருமினார்கள். “தடிமன்தான், வெறும் சளி” என்றார்கள். மழை விடும்வரை அவர் கதவோடு ஒட்டி நின்றார். போக ஓட்டோ கிடைக்கவில்லை. பொங்கலில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமையே எங்களில் மூவருக்குத் தொற்று. எனக்கு இரண்டு நாள் தொண்டை நோவோடு போயிற்று. நான்காவது ஆளாக அவர் விழுந்தார். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் தப்பியது, சிறுநீரகம் தப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து, மறுபடியும் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் போனார். கிழமையில் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போனவர் அதே காக்காதான். வழியில் இருவரும் அதிகம் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

சென்ற வருடம் ஒருநாள் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து, தாங்க முடியாமல் கேட்டேன்: “நான் கூப்பிட்டதாலதானே ரீச்சர்?”

மற்றவர்களாக இருந்தால் எழுத்து, விதி என்று ஏதாவது சொல்லி என்னைத் தேற்றியிருப்பார்கள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“ஓம் ரீச்சர். நீங்க கூப்பிட்டதாலதான் வந்தன். உங்களுக்காகப் பொய் சொல்ல எனக்கு ஏலாது.” பிறகு, “அந்தத் தலகாணியக் கொஞ்சம் உயத்தி விடுங்க” என்றார். உயர்த்தி விட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஸபீனாவின் வீட்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க என்ன செய்வீங்க, மனசப் போட்டுக் குழப்பாதீங்க” என்றார். கையை விலக்கிக்கொண்டேன். ஸபீனா எனக்குத் தந்தது அந்த ‘ஓம்’ ஒன்றுதான். அதை யாரும் என்னிடமிருந்து ஆறுதல் சொல்லி வாங்கிக்கொள்ள நான் விடமாட்டேன்.