ஸ்டீவனின் வலது கை

பிரின்சி கல்லூரியில் என்ன படிக்கப் போகிறாள் என்பதைத் தேர்வாய் கண்டிகை கிராமத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் காலனியில் யாருக்கும் விளக்க முடியவில்லை. கலை வரலாறு என்றதும், படம் வரையப் போகிறாளா என்று கேட்டார்கள். இல்லை, மற்றவர்கள் வரைந்ததைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்று அம்மா கன்னியம்மா சொல்லிப் பார்த்தாள். அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்ற அடுத்த கேள்விக்கு அவளிடமும் பதில் இல்லை, பிரின்சியிடமும் இல்லை. அண்ணன் ஸ்டீவன்தான் பதில் வைத்திருந்தான்.

"எங்க ஊட்ல மொத டிகிரி. அது இன்னா டிகிரியா இருந்தா உனுக்கு இன்னா?"

அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தால், அதையும் இதிலேயே கொண்டுவந்து முடிப்பான். "இவ டிகிரி வாங்கிக்கினு வரட்டும். அப்பால எனுக்குக் கோட்டு தைக்கலாம்."

கல்லூரி திறக்கும் முன்பே அந்தப் பேச்சு முடிந்துபோனது. கம்பெனியில் வேலை முடிந்து மழையில் பைக்கில் வந்தவன் மேல் லாரி மோதியது.

இறந்தவர்களின் படத்துக்குக் கோட்டோ பட்டுப்புடவையோ போட்டுத் தருவது அந்தப் பக்கத்து ஸ்டுடியோக்களில் வழக்கம். செல்போன் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, ஏற்கெனவே வைத்திருக்கும் ஓர் உடம்பின் மேல் பொருத்திவிடுவார்கள். கன்னியம்மா கோட்டு கேட்டாள். சர்ச்சில் மாப்பிள்ளையாக நின்றிருந்தால் எப்படி இருந்திருப்பானோ அப்படி ஒரு படம் வந்தது. கருநீலக் கோட்டு, சிவப்பு டை, மடியில் கோத்த கைகள். அழுகைக்கு நடுவிலும் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். தினமும் காலை ஜெபம் முடிந்ததும் கன்னியம்மா அந்தப் படத்தின் கைகளைத் தொட்டு, விரல்களைத் தன் உதட்டில் வைத்துக்கொள்வாள். கம்பெனியில் பிரெஸ் மெஷின் நசுக்கி ஒரு விரல் நுனி போனதிலிருந்து ஸ்டீவன் எந்தப் படத்திலும் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்ததில்லை. அவன் கை தெரிகிற படம் வீட்டில் இது ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போன பிரின்சி, முதல் வகுப்பில் மன்னர் பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். திலகவதி மேடம் விளக்கை அணைத்தார். திரையில் ஒரு கற்சிலை வந்தது. வந்தது போகவேயில்லை. மேடம் பேசவும் இல்லை. பின்வரிசையில் ஒருவன், மேடம் தூங்கிட்டாங்களா என்று முணுமுணுத்தான்.

"மனசுல இருக்கிறதைச் சொல்லாதீங்க. கண்ணு முன்னால இருக்கிறதை மட்டும் சொல்லுங்க" என்றார் மேடம்.

மற்றவர்கள் அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேசினார்கள். பிரின்சி பார்த்ததெல்லாம் சர்ச் ஜன்னலின் வண்ணக் கண்ணாடியும் தெருமுனை பேனர்களும்தான். தனக்கு இந்தப் படிப்புக்கான கண்ணே இல்லையோ என்று பயந்தாள். ஆனால் அந்தச் சிலையின் ஒரு குதிகால் தரையைத் தொடவில்லை என்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். சொன்னதும் மேடம் திரும்பி அவள் பெயரைக் கேட்டார். அன்று திரும்பும் ரயிலில் எல்லோருடைய குதிகால்களையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணன் போனபிறகு, மனது கொஞ்சம் லேசான முதல் நாள் அது.

அடுத்து, வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரு படத்தைப் பற்றி எழுதச் சொன்னார் மேடம். யாருடைய படம் என்று சொல்லக் கூடாது. கண்ணில் படுவது மட்டும்தான் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அண்ணன் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சொன்னபடியே அண்ணனை மறந்து பார்த்தாள். அப்படிப் பார்க்க முடிந்ததில் அவளுக்கே ஆச்சரியம், கொஞ்சம் பெருமையும்கூட.

கறிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த கன்னியம்மா தலையைத் தூக்கினாள். "அண்ணனைப் பத்தி இன்னாடி எய்திக்கினு கீற? படி, கேக்கறேன்."

பிரின்சி படித்தாள். "கருநீலக் கோட்டு அணிந்த இளைஞன். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. கோட்டில் வலப்பக்கமிருந்து. கழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு தெரிகிறது. கைகள் முகத்தைவிட வெளுப்பு. வலது கையின் ஐந்து விரல்களும் முழுதாக..."

எழுதும்போது உறைக்காதது, வாய்விட்டுப் படிக்கும்போது உறைத்தது. நிறுத்திவிட்டாள்.

கன்னியம்மா எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படத்தின் அருகே போய் நின்றாள். வலது கையின் விரல்களைக் கண்ணாலேயே எண்ணினாள்.

"ஸ்டுடியோக்காரன் மேல தப்பு இல்ல. நான்தான் கோட்டு கேட்டேன்" என்றாள். பிறகு, பிரின்சியைக் கேட்காமல், படத்தையும் கேட்காமல், "இத்தினி நாளா யாரு கைய புடிச்சிக்கினு இருந்தேன்?" என்றாள்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் அவள் கைகள் முந்தானைக்குள்ளேயே இருந்தன. முகம் அண்ணனோடதுதாம்மா, சிரிப்பு அண்ணனோடதுதாம்மா என்று சொல்ல பிரின்சி வாயெடுத்தாள். அதைச் சொல்ல வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்ததே தான்தானே என்று அடங்கிவிட்டாள். பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள், பார்த்ததை யாரிடம் சொல்லக் கூடாது என்று ஏன் கற்றுக்கொடுக்கவில்லை? அதையும் கல்லூரியில்தான் கற்க வேண்டுமா? அண்ணன் ஆசைப்பட்ட முதல் டிகிரி இப்படித்தான் வீட்டுக்குள் வருமா?

எழுதியதைக் கிழித்துவிட நினைத்தாள். கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அதையே கொடுத்தாள். மேடம் அதை வகுப்பில் உரக்கப் படித்து, இப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார். யாருடைய படம் என்று பக்கத்தில் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள். சொல்லக் கூடாதில்ல என்று பிரின்சி சிரிக்கப் பார்த்தாள். அன்று திரும்பும்போது பொன்னேரி தாண்டும்வரை ரயில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தாள்.

வீட்டில் படத்துக்கு இன்னொரு பிளாஸ்டிக் மாலை ஏறியிருந்தது. பழையதைவிட நீளம். கோட்டை மறைத்து, மடியிலிருந்த கைகளையும் முழுக்க மூடியிருந்தது.

"இப்போ எய்து பாக்கலாம். இன்னா தெரியுது?" என்றாள் கன்னியம்மா. கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"முகம்தாம்மா தெரியுது."

கன்னியம்மா தலையாட்டினாள். பழக்கத்தில் அவள் கை படத்தை நோக்கி நீண்டது. மாலைக்கு முன்னால் போய், எங்கே தொடுவது என்று தெரியாமல், அங்கேயே நின்றது.