மூன்று சுண்டு அரிசி

மீனாம்பிகை மிஸ்ஸுக்கு ஒரு வியாதி. கணக்கில் ஒரு தேங்காய் குறைந்தாலும் சோறு இறங்காது.

எண்பத்தொன்பதில் மாத்தளை முழுக்கப் பிணம் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஆராய்ச்சி நிலையமோ பல்லேபொலப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. பலா, ஈரப்பலா, மரவள்ளி என்று வீட்டைச் சுற்றி நிற்பதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை நாள் கடையை நம்பாமல் சாப்பிடும் என்பது கேள்வி. பாலத்தடியில் தலையில்லாத உடல் கிடந்த காலையிலும் ஜீப் புறப்பட்டது. அவ்வளவு பெரிய மேதைகள் நாங்கள். நான் படிவங்களை டைப் அடிப்பவள், ஆபீசை விட்டு அசையாத மேதை.

மிஸ் வீடு வீடாகப் போய், உலையில் போடுமுன் அரிசியைச் சுண்டால் அளந்து எழுதுவார். அளக்கும் வீட்டில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பது அவர் போட்ட சட்டம்.

அன்று போனது மிளகுத் தோட்டக்காரர் ஜைனுதீன் வீட்டுக்கு. அவரும் மனைவி ஸுபைதாவும்தான், பிள்ளைகள் இல்லை. ஸுபைதா மூன்று சுண்டு அரிசி களைந்தார்.

"இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க மிஸ். எறச்சி ஒண்ணும் சேர்க்கல. உங்களுக்குன்னுதான் பலாக்காய் ஆக்குறேன்."

"வேணாங்க, நேரமாகுது."

உபசாரத்துக்குச் சொல்கிறார் என்றே மிஸ் நினைத்திருக்கிறார். டிரைவர் பாறூக் நானாவுக்குப் பசியும் கோபமும். ஜீப்பில் ஏறியதும் மிஸ் படிவத்தின் ஓரத்தில், நிலையத்துப் பெரியவர்கள் படிக்க வேண்டுமென்று சிங்களத்தில் எழுதினார்: "உண்பவர் இருவர். அரிசி மூன்று சுண்டு. பொருந்தவில்லை. மீண்டும் விசாரிக்க."

இரண்டு மைலில் ரோட்டுத் தடை. சீருடை அதிகாரி ஒருவன் படிவங்களைப் புரட்டினான். அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிக் காட்டில் ஒளிந்திருக்கும் பெடியன்களுக்குச் சோறு போட்ட வீடு எரிந்துகொண்டிருந்த காலம் அது.

"மிச்சச் சோறு யாருக்கு?"

மிஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. "எங்களுக்கு."

"சாப்பிட்டாயா?"

"இல்லை."

அவன் அறைந்ததில் மிஸ்ஸின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. "நான் பிழையாக எழுதிவிட்டேன், கிழித்துப் போடுங்கள்" என்று கெஞ்சினார். தன் கணக்கைப் பிழையென்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. குறுக்கே பேசிய பாறூக் நானாவின் முன்பற்களைத் துவக்குப் பிடி உடைத்தது.

இருவரையும் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார்கள். பானையில் பாதிக்கு மேல் சோறு அப்படியே இருந்தது.

"பாருங்கள், அது எங்கள் பங்கு!" என்று மிஸ் கத்தினார்.

"வரப்போகிறவனுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்" என்றான் அதிகாரி.

தின்று முடித்திருந்தாலும் குற்றம், மிஞ்சியிருந்தாலும் குற்றம். நாசமாய்ப் போகிறவன்கள்! ஜைனுதீனை மிளகுக்கொடி படர்ந்த முருங்கையோடு கட்டி, உலக்கையால் அடித்தார்கள். முழங்கை உடைந்த சத்தம் ஜீப்வரை கேட்டதாகப் பாறூக் நானா சொன்னார். ஒவ்வோர் அடிக்கும் "யாருக்கு ஆக்கினாய்?" என்று கேட்டார்கள். "மிஸ்ஸுக்குங்க, அந்த மிஸ்ஸுக்குத்தாங்க" என்றே அவர் கடைசிவரை சொன்னார். உண்மையை எத்தனை தரம்தான் மாற்றிச் சொல்ல முடியும்? பிறகு நெற்றியில் சுட்டார்கள். போகும்போது கூரைக்கு நெருப்பு வைத்தார்கள்.

நான்காம் நாள் மிஸ் உக்குவளைக்குப் போனார். ஸுபைதா அங்கே தம்பி வீட்டில், கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தா இருந்தார். துணைக்கு நானும் போனேன். ஏசுவார், மண்ணள்ளித் தூற்றுவார் என்று பயந்துகொண்டே போனோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஸுபைதா மிஸ்ஸின் வீங்கிய முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் மிஸ் எங்க வீட்டுல நீங்க சாப்பிடல?"