கடைசி வயலில் ஆரம்பித்த சகலை

போன வாரம் நெடுங்காடு பக்கம் ஒரு நடவு பார்த்தேன். பார்த்தேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில், சாலையோரம் பைக்கை நிறுத்தி, போன் பேசுவதுபோல நடித்துக்கொண்டு, ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தேன்.

வயலில் நடவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் மெஷின் இல்லை. என் சகலை பாஸ்கரின் மெஷின். வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

காரைக்காலில் நடவு மெஷினை வாடகைக்கு விடுவது என் தொழில் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அடுத்தவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று இதே இடத்தில் எத்தனை முறை உபதேசம் செய்திருக்கிறேன்... வியாபாரிகள் கூட்டத்தில் இதையே பேசி சால்வைகூட வாங்கியிருக்கிறேன். பாஸ்கருக்கு மைக்கைப் பார்த்தாலே வியர்க்கும். என் மனைவியின் தங்கை கணவர். இரண்டு வருடம் முன்பு, தானும் ஒரு மெஷின் வாங்கலாமா என்று என்னிடம்தான் வந்து யோசனை கேட்டார். வாங்கச் சொன்ன புத்திசாலி நான்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரே வாய்க்காலில் பாயும் வயல்கள் பதினான்கு பேருக்குச் சொந்தம். சம்பா நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, அதனால் மெஷின் வேண்டும். ஆனால் மெஷின், நட்ட வயலை மிதித்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போக முடியாது. உள்ளே கடைசி வயலில் ஆரம்பித்து, நட்டுக்கொண்டே சாலைக்கு வர வேண்டும். அதாவது பதினான்கு பேரும் ஒத்துக்கொண்டால்தான் வேலை. என் சீசனே அந்தப் பதினான்கு தலைகளை நம்பி இருந்தது.

நான் என்ன செய்தேன்? உங்களுக்கு உபதேசித்ததையே செய்தேன் — பெரிய ஆளைப் பிடி, மற்றவர்கள் தானாக வருவார்கள்.

தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில், சாலையை ஒட்டி, நிறைய நிலம் வைத்திருப்பவர் பக்கிரிசாமி சார். ஓய்வு பெற்ற வாத்தியார். மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பில் படம் காட்டினேன். விதை மிச்சம், நாள் மிச்சம், ஆள் தேடி அலைய வேண்டாம் என்று அடுக்கினேன். சரி என்றார். உடனே எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு வரச் சொல்லி, டீ, வடை கொடுத்து, சாரையே முதலில் பேச வைத்தேன். எல்லோருக்கும் சம்மதம்தானே என்று கேட்டேன். வரிசையாகத் தலைகள் ஆடின.

ஒரே ஒரு தலை ஆடவில்லை. கலியமூர்த்தி. கடைமடைக்காரர். இருப்பதிலேயே சின்ன வயல், கடைசி வயல்.

“தண்ணி வந்தா பாப்போங்க,” என்றார்.

நம் ஊரில் ‘பாப்போங்க’ என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும். தெரிந்தும் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். மனிதர் வடையைத் தொடாமல் எழுந்து போனார். அவர் இல்லாமல் எப்படி என்று சொல்லி, ஒரே வாரத்தில் மற்றவர்களும் நழுவிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து எனக்கு வந்த செய்தி: பதினான்கு பேரும் பாஸ்கருக்குச் சரி சொல்லிவிட்டார்கள். சொன்னது யார்? என் மனைவி. மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, “தங்கச்சி வீட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டாரு... எப்புடித்தான் முடிக்கிறாரோ,” என்றாள். அன்று முள்ளையும் சேர்த்து விழுங்கினேன்.

என்னதான் செய்திருப்பார்? வாடகையைக் குறைத்தாரா? விருந்து வைத்தாரா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மரத்தடி, போன் நாடகம் எல்லாம். கலியமூர்த்தி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முழங்கால் வரை சேறோடு வரப்பில் நடந்து வந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. நான் வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டேன், பாஸ்கர் என்ன சொன்னார் என்று.

“பெருசா ஒண்ணும் சொல்லலீங்க. நம்ம வயல்லதான் மெஷின் மொதல்ல எறங்கணுமாம். அப்ப தண்ணியும் மொதல்ல நமக்குத்தான் வரணுமாம். என்னைக்கு வச்சுக்கலாம், நீங்களே நாள் சொல்லுங்கன்னாரு. இத்தினி வருசத்துல எங்கிட்ட யாருங்க நாள் கேட்டா?”

அதன் பிறகு பாஸ்கர் எங்கும் போகவில்லை. கலியமூர்த்தியே வீடு வீடாகப் போயிருக்கிறார். என் வயல் நனைந்தால்தான் உங்கள் வயலுக்கு மெஷின், இரண்டு நாள் மடையை அடைத்து வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். எத்தனையோ வருடமாக மேலே இருப்பவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் அவருக்கு. அவர் வாசலில் வந்து நின்று கேட்டால் யாரால் மறுக்க முடியும்? பக்கிரிசாமி சாரே மண்வெட்டியோடு போய்த் தன் மடையை அடைத்தாராம்.

எனக்கு எங்கே எரிகிறது தெரியுமா? கடைசி வயலில் ஆரம்பிக்க வேண்டும் என்று பாஸ்கருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனக்கு அது வெறும் வேலை முறை. அவருக்கு அந்தக் கடைசி வயலில் கலியமூர்த்தி நிற்பது தெரிந்திருக்கிறது. நான் என் மெஷினின் பெருமையையே பேசிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் எதற்காக இத்தனை வருடம் காத்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரைக்காலே காவிரிக்குக் கடைமடை. மேலே திறந்துவிட்ட தண்ணீர் எப்போது வரும் என்று வருடா வருடம் வாய்க்காலை எட்டிப் பார்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது தோன்ற வேண்டாமா?

அன்று சாயங்காலம் பாஸ்கர் போன் செய்தார். எடுக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அடுத்த வாய்க்காலிலும் மெஷின் கேட்கிறார்களாம், அவருடைய ஒரு மெஷின் போதாதாம். என் மெஷின் சர்வீஸில் இருக்கிறது, டிரைவர் லீவில் இருக்கிறார் என்று இரண்டு பொய்களைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“அண்ணே, அங்க உங்க வண்டி மொதல்ல எறங்கட்டும். நான் பின்னால வர்றேன். என்னைக்கு வச்சுக்கலாம், நீங்களே நாள் சொல்லுங்க.”

அதே வசனம். ஒரு வார்த்தை மாறவில்லை. காலையில்தான் இந்த வித்தையை அக்குவேறு ஆணிவேறாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

“வியாழக்கிழமை,” என்றேன்.

பதினைந்தாவது தலையும் ஆடிவிட்டது.