கோல் சராசரி டீச்சர்

அய்யூப் டீக்கடைக் கதவில் தொங்கும் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் மக்தலேனா டீச்சர். கொண்டையில் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கிறது. அது அடுத்தவர் தப்புக்கு. விரலிடுக்கில் சாக்பீஸ், அது தன் கணக்குக்கு. ஞாயிறு காலையில் மொகிங்கா என்கிற பர்மிய மீன்சாற்று நூடுல்ஸ் சாப்பிட வருகிற தின்கன்ஜூன் பேட்டை ஆட்கள் கிண்ணமும் கையுமாகக் காத்திருப்பார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷன், இருபத்திரண்டு அணிகள், மேலிருந்து கீழாகப் பலகையில் இறங்கும்.

விடியலில் லண்டன் ரேடியோவில் காதைக் கொடுத்துக் கேட்டதுதான் எழுத்தாகிறது. இரைச்சல் ஏதாவது ஒரு மேட்சின் முடிவை விழுங்கிவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும்.

"உத்தேசமா ஒண்ணைப் போடுங்க டீச்சரம்மா. யாரு வந்து பாக்கப் போறா?" என்பார் பொன்னுத்துரை.

"தெரியாததைத் தெரியாதுன்னு விடுறதுல என்ன வெக்கம் அண்ணே?"

பொன்னுத்துரை அலோன் கப்பல்துறையில் மூட்டை இறக்குகிறவர். கப்பல்காரர்கள் வீசிவிட்டுப் போகும் பழைய பேப்பரை அவரே கொண்டுவந்து நீட்டினால்தான் கட்டம் நிரம்பும்.

டீச்சர் ஒரு மேட்சைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. வகுத்தல் வழியாகத்தான் அவர் பந்துக்கு வந்து சேர்ந்தார். மிஷன் பள்ளியில் பதினாறு வருடமாகக் கணக்கு டீச்சர். தசமம் என்றாலே மிரளும் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்து வகுக்கச் சொல்வது என்று தேடியபோது கிடைத்தது கோல் சராசரி. இரண்டு அணிகள் ஒரே பாயிண்டில் நின்றால், போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். ஈவு பெரிதாக உள்ளவன் மேலே. பிள்ளைகள் அடித்துப் பிடித்து வகுத்தார்கள். ஆனால் வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. சிவப்புப் பென்சில் இறங்கும்: "செய்முறை எங்கே?" அதன் கீழே ஒரு சுழி. விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் சுழிதான்.

"முடிவைச் சொன்னாப் போதுமா? எப்படி வந்துச்சுன்னு காட்டணும்ல."

இந்த வருடம், அறுபத்தைந்தில், அவருக்கு லீட்ஸ் அணி மேல் ஒரு பட்சபாதம் வந்துவிட்டது. போன வருடம்தான் கீழ் டிவிஷனிலிருந்து ஏறி வந்த அந்த அணி, பெரிய அணிகளின் கழுத்தைப் பிடித்து நின்றது. பொன்னுத்துரையின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் அதற்கும்தான் போட்டி. "நேத்து வந்தவனுக்கு முதல் இடமா?" என்று அவர் சீண்டுவார். "எப்ப வந்தான்னா கேக்குறாங்க? எத்தனை பாயிண்டுன்னுதான் கேக்குறாங்க," என்பார் டீச்சர்.

ஏப்ரலில் பள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கணக்குக்கு ஒரே இடம். இருந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் அதே படிப்பு, அதே பதினாறு வருடம். அதற்குப் பிறகுதான் அலுவலகத்திலிருந்து ஒரு விதி கிளம்பி வந்தது: வெளிநாட்டார் பதிவு அட்டை வைத்திருப்பவர் விலக வேண்டும். டீச்சர் பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினில். ஆயுளில் அவர் தாண்டிய ஒரே நீர், படகேறிக் கடந்த பகோ ஆறு. தமிழ்க் குடும்பம் என்பதால் அந்த அட்டை அவர் பெயரில் இருந்தது; அவர்தான் வெளிநாட்டார். வெளியே தள்ளுகிறவனுக்குத் தன் கையைக் கறையில்லாமல் வைத்துக்கொள்ளவும் ஆசை. ஆகவே, மேலே அந்த விதியையும் அதன் தேதியையும் போட்டு, கீழே 'சுயவிருப்பத்துடன் விலகுகிறேன்' என்று அச்சடித்த தாளை அனுப்பி, சனிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள்.

"தலையெழுத்து டீச்சரம்மா. போட்டுக் குடுத்துருங்க. கவர்மெண்டோட மல்லுக்கட்ட முடியுமா?" என்றார் பொன்னுத்துரை.

"என் தலையில யாரும் எழுதல. தாள்லதான் எழுதியிருக்கான். தேதி வேற போட்டிருக்கான்."

அந்த வாரமே லீக்கும் முடிந்தது. வியாழக்கிழமை காலை, கடைசி மேட்சின் முடிவோடு டீச்சர் பலகைக்கு வந்தார். யுனைடெட் அறுபத்தொன்று. லீட்ஸ் அறுபத்தொன்று. பொன்னுத்துரைகூட அன்றைக்குச் சீண்டவில்லை.

டீச்சரை எப்போதும் பர்மிய மொழியில் 'சயாமா' என்றே கூப்பிடும் அய்யூப் மெல்லச் சொன்னார்: "சயாமா, சமமாத்தானே இருக்கு. ரெண்டு பேரையும் ஒரே வரியில எழுதிருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"ஏன் பாய், வேலை போனவளுக்குப் பரிசா?"

அவர் பலகையின் ஓரத்தில் வகுக்கத் தொடங்கினார். எண்பத்தொன்பதை முப்பத்தொன்பதால், எண்பத்து மூன்றை ஐம்பத்திரண்டால். ஒரு படியையும் விடவில்லை. யுனைடெட் 2.282. லீட்ஸ் 1.596. மேல் வரியில் யுனைடெட்டை எழுதினார். அடுத்த வரியில் லீட்ஸை எழுதினார், அதே அளவு எழுத்தில்.

"வருத்தமா இல்லையா டீச்சரம்மா?" என்றார் பொன்னுத்துரை.

"இருக்கு. ஆனா இந்த விதி ஆகஸ்ட்லயே இருந்துச்சு அண்ணே. முதல் பந்தை உதைக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் தெரியும். ஆடி முடிச்ச பிறகு எழுதுனதில்ல."

பொன்னுத்துரை கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். விதியின் தேதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார். கையெழுத்துக்கென்று விட்டிருந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எழுதுவதைப் போலவே நிதானமாக, பர்மிய எழுத்தில் எழுதினார்: "செய்முறை எங்கே?"

அதன் கீழே ஒரு சுழி போட்டார்.