தவக்காலத்தில் விட்ட மாத்திரை

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். நான் கறியை விடுவேன், முணுமுணுத்துக்கொண்டேதான். அந்த வருஷம் என் மனைவி எதை விட்டாள் என்று சொல்லவில்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் பேச்சு குறைந்திருந்தது. பசுமலையில் டீச்சர், ஒரு அதட்டலில் வகுப்பை அடக்குகிறவள். வீட்டில் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதில்தான் நான் பயந்துபோனேன்.

டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். "மூளையில செரட்டோனின்னு ஒண்ணு இருக்கு. நரம்பு செல் அதை வெளிய விட்டுட்டு, மறுபடி தானே உறிஞ்சிக்கும். இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைக் குறைக்கும். அதுல மனசு எப்படித் தெளியுதுங்கறது எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா நிறையப் பேருக்குக் கேக்குது. சில வாரம் ஆகும், பொறுத்துக்கங்க."

முதலில் குமட்டல்தான் வந்தது. பிறகு ஒருநாள் காலையில், "ஈரத்துண்டைக் கட்டில் மேலயா போடுவீங்க?" என்று கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் ஒளித்துவைத்தாள். முக்கியமாக என் அக்காவுக்குத் தெரியக் கூடாது. திருமங்கலத்தில் இருக்கும் அக்காவுக்கு ஒன்று தெரிந்தால் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த மாதிரி.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் கழிந்து சில நாளில் அவளுக்குத் தலைசுற்றல். திரும்பும்போதெல்லாம் தலைக்குள் ஷாக் அடிக்கிறது என்றாள். துருவிக் கேட்டபிறகுதான் உண்மை வந்தது.

"மாத்திரையை விட்டுட்டேன். கறியை விடுறது எனக்கு ஒரு பெரிய விசயமா? எது இல்லாம முடியாதோ அதை விட்டாத்தானே ஒறுத்தல்?"

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "இது போதை மாத்திரை இல்லம்மா. ஆனா உடம்பு இதுக்குப் பழகியிருக்கு. பொசுக்குனு நிறுத்துனா இப்படித்தான் ஆட்டும். விடுற காலம் வந்தா நானே கொஞ்சங் கொஞ்சமாக் குறைக்கிறேன்" என்று மறுபடி ஆரம்பித்துவைத்தார்.

அதற்கும் மனசு ஆறாமல் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போனாள். "மருந்தை விடச் சொல்லி யாரும்மா சொன்னது? வேற எதையாச்சும் விடு" என்று அவர் அனுப்பிவிட்டார். எதை விடப்போகிறாய் என்று கேட்டேன். விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். கத்திரிக்காய்க் குழம்புச் சோறு முடிந்ததும் என் மனைவி உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்தாள். டப்பா இல்லை, வெறும் அட்டை. தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன மாத்திரை, சத்துக்கா?" என்றாள் அக்கா.

"இல்ல மதினி. மனசு சரியில்லாம இருந்துச்சு. அதுக்கு."

ஒளித்துவைப்பதைத்தான் விட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். அக்கா சொம்பை எடுத்து, தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவள் கையில் கொடுத்தாள்.