அம்மி வழக்கு

அறுபதுகளில் நான் செஞ்சி கோர்ட்டில் எழுத்தர். மாஜிஸ்டிரேட் சொல்லச் சொல்லச் சாட்சியத்தை எழுதுவது என் வேலை. திருட்டு என்றால் என்ன என்று சட்டப் புத்தகம் சொல்வது எனக்கு மனப்பாடம். அடுத்தவர் வசமிருக்கும் பொருளை அவர் சம்மதமில்லாமல் கெட்ட எண்ணத்தோடு நகர்த்துவது திருட்டு. நகர்த்தினாலே போதும், வீடுவரை கொண்டுபோக வேண்டும் என்றுகூட இல்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் ஒரு தெருகூட மிஞ்சாது. வாசற்படி, மாட்டுத் தொட்டி, துவைக்கிற கல் எல்லாம் கோட்டையிலிருந்து வந்தவைதான். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. 'கோட்டையிலேர்ந்து எடுத்தாந்தது' என்பார்கள், கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்த மாதிரி.

கோட்டையைப் பாதுகாக்கப் புதிதாக வந்த அதிகாரி வெளியூர்க்காரர். பஸ் நிற்கும் இடத்தருகே ஒரு அக்கா இட்லிக் கடை வைத்திருந்தாள். வேர்க்கடலை அரைத்த அவளுடைய மல்லாட்டைச் சட்னியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவப் போனவர், அம்மியின் பக்கவாட்டில் செதுக்கிய தாமரையைப் பார்த்துவிட்டார். மறுநாள் அம்மி, எண் எழுதிய சீட்டோடு கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா என் மேசைக்குத்தான் வருவாள்.

"அம்மிய எப்ப சார் குடுப்பீங்க? எரவல் அம்மில எத்தினி நாளு அரைக்கிறது? சட்னி இல்லாம இட்லிய எவன் துன்னுவான்?"

கடை படுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் தெரியும். விசாரணை முடியட்டும் என்று சொல்லி அனுப்புவேன்.

கல்லை அடையாளம் காட்ட ஒரு கொத்தனாரைச் சாட்சியாகக் கூட்டி வந்தார்கள். கோட்டைக் கல்தான் என்று அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டார் மாஜிஸ்டிரேட்.

"எங்க ஊட்டு வாசப்படிலயும் இதே தாமரதான் சார் கீது. ரெண்டும் ஒரே தூணு. கீழ்ப்பாதிய எங்க நைனா எடுத்தாந்தாரு."

கோர்ட்டில் இருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கரகரத்தது. மாஜிஸ்டிரேட் கண்ணாடியைத் துடைத்தார். "கல்லை அடையாளம் தெரியும் என்பதோடு நிறுத்து" என்றார் என்னிடம். நிறுத்தினேன்.

என் வீட்டு வாசற்படியிலும் தாமரை உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமையே அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டேன். சிமெண்ட் அப்போது பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். பெர்மிட் இல்லாதவர்களுக்கு ஊரில் ஒரே வாசல், கோட்டை மதிலைப் பழுது பார்க்க வந்திருந்த ஓவர்சியர். "அரை மூட்டை போதுமா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். கோட்டைக்கு வந்த சிமெண்ட் கோட்டைக் கல்லின்மேல்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா குற்றவாளி என்று தீர்ப்பானது. கோர்ட் கலையும் வரை காவல். சாயங்காலம் வரை ஒரு மூலையில் கால் மாற்றி மாற்றி நின்றாள். கல் அரசாங்கத்துக்குச் சேர்ந்தது.

அடுத்த மாதமே ஓவர்சியரும் மாட்டிக்கொண்டார். ஆனால் அது திருட்டு இல்லை. சிமெண்டை அவரை நம்பி ஒப்படைத்திருந்தார்கள், ஆகவே நம்பிக்கை மோசடி. புத்தகத்தில் இதற்குத்தான் தண்டனை அதிகம். கோர்ட்டில் அவருக்குத்தான் நாற்காலி. பியூன் சோடா வாங்கி வந்து கொடுத்தான். சிமெண்ட் எங்கெங்கே போனது என்று அவர் சொல்லச் சொல்ல, அடுத்த பெயர் என்னுடையதோ என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். என்னை அவர் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனிதர் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

அம்மியை எடுத்துப்போகக் கோட்டையிலிருந்து வண்டி வரவேயில்லை. கோர்ட் வராந்தாவில் அதன்மேல் பியூன் தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டான். நானும் அந்தப் பானையில்தான் தண்ணீர் குடித்தேன்.

கோர்ட் பக்கம் வந்தபோது அதைப் பார்த்த அக்கா, மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள். பானை வைக்கத்தானே அந்தக் கல், வேறு கல் கொண்டுவந்து போடுகிறேன், என் அம்மியைத் தரச்சொல்லி மனு எழுதிக் கொடுங்கள் என்றாள். கோர்ட்டு ஆள் கட்சிக்காரருக்கு மனு எழுதக் கூடாது. சட்டத்தை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் பூச்சு பெயர்ந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அம்மி மேல சிமெண்டு பூசுனா சட்னி அரைக்க முடியாது சார். முடிஞ்சிருந்தா நானும் பூசியிருப்பேன்."

மனுவை அப்போதே எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, அது தள்ளுபடியானது என்று எழுதியதும் நான்தான்.