பீச்சாங்கைப் படையல்

பத்தாவதில் கோட்டடித்தவனுக்கு அமெரிக்காவில் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பதவி எனக்குக் கிடைத்தது: படங்களை இடம் வலமாகத் திருப்புவது. அக்கா ஸ்பான்சர் பண்ணி வந்தவனை வீட்டில் வைத்துப் பார்க்க அத்தானுக்குப் பிடிக்கவில்லை. மில்பிடாஸ் என்கிற ஊரில் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்யும் சின்னக் கடை ஒன்றில் சேர்த்துவிட்டார். முதலாளி யாழ்ப்பாணத்து அங்கிள். தொண்ணூறுகளின் கடைசியில், படித்த தமிழர்களெல்லாம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று ராப்பகலாகக் காவல் காத்தார்கள். நான் அதே கம்ப்யூட்டரில் ஜப்பான்காரன் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மங்கா என்கிற ஜப்பான் படக்கதையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அமெரிக்கர்களுக்கு அவ்வளவு கஷ்டம் கொடுக்கலாமா? அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஆங்கிலத்தில் விற்பார்கள். ஓவியர் உயிரைக் கொடுத்து வரைந்ததை நான் வடை தின்றபடி ஒரு அமுக்கில் திருத்துவேன்.

அப்போது புதிதாக ஒரு தொடர் வந்தது. அதன் ஓவியர் லேசில் மசிகிற ஆளில்லை. முதல் புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் பிடித்தால்தான் ஆங்கிலத்துக்குச் சம்மதிப்பாராம். கடையில் அப்போது வேறு வேலையும் இல்லை.

"கவனம் தம்பி. இது பிழைச்சா நீரும் நானும் தோசைதான் சுட வேணும்."

"எனக்கு தோசையும் வராது அங்கிள்."

கதாநாயகன் நூடுல்ஸ் கடைக்காரன். ஒரு பக்கத்தில், செத்துப்போன அம்மாவின் படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் சோறு வைக்கிறான். திருப்பினேன். பீச்சாங்கையால் வைத்தான்! எத்தனையோ பேரை அதுவரை இடதுகைக்காரர்களாக்கிய பாவி நான். ஆனால் பெற்றவளுக்குப் படையல் அல்லவா? அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பாமல் விட்டேன்.

டோக்கியோவுக்குக் கூரியர் போன பிறகுதான் அங்கிள் பார்த்தார்.

"என்ன காணும் இது? முந்தின பக்கத்தில இந்தப் பக்கம் நிண்ட கதவு, இஞ்ச அந்தப் பக்கம் நிக்குது! கதவு நடந்து போகுதோ?"

"பீச்சாங்கைல படைச்சா அந்தம்மா எப்படி அங்கிள் சாப்பிடும்?"

"அது கீறின படம் காணும்! சாப்பிடாது!"

"அப்ப போன மாசம் உங்கப்பா போட்டோக்கு முன்னால வச்சீங்களே, அது மட்டும் சாப்பிட்டுச்சா?"

அங்கிள் டீ குடிக்கப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம், எங்களுக்கு வேலை தரும் பதிப்பகத்து அம்மாள் போன் பண்ணினார். அங்கிள் எழுந்து நின்றே பேசினார். வைத்ததும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அந்த ஓவியருக்கு நாங்கள் அனுப்பினதில பிடிச்சது ஒரே பக்கமாம். தான் கீறினபடி இருக்கிறது அது ஒண்டுதானாம். முழுசையும் அப்படியே அடிச்சா சம்மதமாம். வெள்ளைக்காரர் பின்னாலிருந்து படிக்கப் பழகட்டுமாம்."

"பாத்தீங்களா அங்கிள்! வேலை நம்மகிட்டயேதான்!"

"வேலை இருக்குத் தம்பி. திருப்புற வேலைதான் இல்லை. நீர் அதைத்தானே செய்தனீர்?"

ஆங்கில எழுத்து ஒட்ட, ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் ஏற்கெனவே இருந்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மளிகைக் கடையில் அரிசி மூட்டை தூக்க எனக்கு ஏற்பாடானது. போகும் முன் அங்கிள் பெரிய மனது பண்ணி ஒரே ஒரு பக்கம் கொடுத்தார். பழக்கதோஷத்தில் அமெரிக்கர்கள் முதலில் திறக்கப்போகும் கடைசிப் பக்கம். 'இங்கே இல்லை, அந்தப் பக்கம் போ' என்று ஒரு கை வரைந்து காட்ட வேண்டும்.

வரைந்தேன். சோத்துக்கைதான்.